ஒரு சவரத்துக்கு விடுப்பு

தினமும் காலையில் சிறைக் கண்காணிப்பாளர் தன் கழுத்தை ஒரு கைதியிடம் ஒப்படைப்பார். கைதி அந்தக் கழுத்தில் நுரை பூசி, கத்தியை விரித்து, குரல்வளைக்கு மேலாக மெதுவாக இழுப்பான். அந்த நேரம் பார்த்துக் கண்காணிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு மனிதாபிமானத்தைப் பற்றிப் பேசுவார்.

"சிறைன்னா என்ன? சுவரா? கம்பியா? இல்லப்பா. சிறைங்கிறது தாய்மடி."

"தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக்குங்க ஐயா."

"தாய்மடி" என்று சாய்ந்துகொண்டே இன்னொரு முறை சொல்வார்.

அந்தக் கைதிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சிறைக்குள் அதை யாரும் கூப்பிட்டதில்லை. அவன் அங்கே அரைமீசை. அவனுக்கு மீசையே கிடையாது. அது அவன் செய்த குற்றத்தின் பெயர்.

வெளியில் அவன் ஒரு சலூன் வைத்திருந்தான். ஒருநாள் வட்டாரப் பிரமுகர் ஒருவர் மீசை திருத்திக்கொள்ள வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து பெஞ்சில் அரைமீசையின் அப்பா காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் தண்ணீர்க் குழாய் ரிப்பேர் பார்த்து ஓய்ந்த மனிதர். மகன் கடை திறந்த நாளிலிருந்து அவர்தான் முதல் வாடிக்கையாளர். வேறு யார் கையும் அவர் தாடையில் பட்டதில்லை. அந்த நீட்டிய கால் பிரமுகருக்கு உறுத்தியது. உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி ஓர் உதை விட்டார்.

"இந்தக் கட்டையை எடுத்து வெளியில போடேன்யா. கடையா இது, குப்பைக்கிடங்கா?"

அப்போது மீசையின் இடப்பக்கம் முடிந்திருந்தது. வலப்பக்கத்தைத் திருத்த வேண்டிய கத்தி, திருத்தாமல் மொத்தமாக எடுத்துவிட்டது.

'கூரிய ஆயுதத்தால் உடலின் ஒரு பாகத்தை அகற்றிய குற்றம்' என்று வழக்குப் பதிவானது. தீர்ப்பு வாசிக்கப்பட்ட அன்று, அகற்றப்பட்ட பாகம் நன்றாக வளர்ந்து, எண்ணெய் தடவி முறுக்கப்பட்டு, நீதிமன்றத்தின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது. தண்டனை மட்டும் வளராமல் இருக்குமா? அதுவும் வருடக்கணக்கில் வந்தது.

சிறைக்கு வந்ததும் அவன் தொழில் சுத்தம் அதிகாரிகளுக்குத் தெரிந்துவிட்டது. உடனே பாதுகாப்பு அதிகாரி ஒரு விதி எழுதினார். சவரக் கத்தி ஆபத்தான பொருள். ஆபத்தான பொருளை ஒரே ஆளிடம் விட்டால்தான் கண்காணிக்க முடியும். ஆகவே, கத்திப்பெட்டியைத் திறந்து கொடுத்தபின் அரைமீசையின் கையைத் தவிர வேறு எந்தக் கையும் கத்தியைத் தொடக்கூடாது. தொட்டால், அதிகாரியானாலும் விசாரணை. இப்படியாக, கத்தியால் குற்றம் செய்து உள்ளே வந்த ஒரே கைதிதான், அந்தச் சிறையில் கத்தியைத் தொட அனுமதி பெற்ற ஒரே மனிதன். இதில் ஏதோ இடிக்கிறது என்று யாருக்கும் படவில்லை.

ஒரு பார்வையாளர் நாளில் அக்கா வந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, எடுத்த எடுப்பிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"அப்பா படுத்துட்டார்டா தம்பி."

"என்னக்கா சொல்றே? போன தடவை இருமல்னுதானே சொன்னே?"

"நுரையீரல் போயிடுச்சாம். ஆஸ்பத்திரியில வச்சு பிரயோஜனமில்ல, வீட்டுல வச்சுப் பார்த்துக்குங்கன்னு அனுப்பிட்டாங்க."

"சாப்பிடறாரா?"

"ரெண்டு வாய். அதுவும் நான் சண்டை போட்டா." அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "தாடி மார்பு வரைக்கும் வந்துடுச்சுடா. தெருமுனை சலூன்காரரைக் கூட்டிட்டு வந்தேன். கத்தியைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கிட்டார். 'என் பையன் வருவான்'னு ஒரே பிடிவாதம். நான் கண்ணாடியைக் காட்டினேன். 'யாரும்மா இந்த ஆளு'ன்னு கேக்கறார். ஒரு தடவை வந்து வழிச்சுவிட்டுட்டுப் போடா. மனுஷன் தன் மூஞ்சியோட போகட்டும்."

மறுநாள் காலை, கண்காணிப்பாளரின் வலது கன்னத்தில் இருக்கும்போது அரைமீசை விஷயத்தைச் சொன்னான். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். அதில் உண்மையிலேயே ஈரம் இருந்தது.

"அட! இதுக்குத்தானேப்பா மனிதாபிமான விடுப்புக் குழுன்னு ஒண்ணு வச்சிருக்கோம். அதுக்குத் தலைவரே நான்தான்."

"அப்ப நீங்களே மனசு வச்சா..."

"தனி மனுஷனா இருந்தா இப்பவே ஜீப்புல ஏத்தி அனுப்பிடுவேன்." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆனா நான் குழுவாச்சே."

குழுவில் நான்கு பேர். கண்காணிப்பாளர், சிறை டாக்டர், நலன் அலுவலர் அம்மா, பாதுகாப்பு அதிகாரி. நீளமான மேஜை, நடுவில் பிஸ்கட் தட்டு. அரைமீசை எதிரே நின்றான். அவன் ஓடிவிடாமல் இருக்க, அவனுக்குப் பின்னால் பெரிய வார்டர் நின்றார். ஓய்வு பெறப்போகிற வயசு, கனத்த உடம்பு. அரைமீசை பின்வாங்கி ஓடினாலும் அவர் மேல் மோதித்தான் விழ வேண்டும்.

டாக்டர் முதலில் ஆரம்பித்தார்.

"உங்கப்பா எப்ப சாவார்?"

அரைமீசை திகைத்துப்போனான். "தெரியலீங்களே."

"உத்தேசமா சொல்லு. இவங்க எல்லாம் டைரி பார்க்கணும் இல்ல?"

"எப்ப வேணா ஆகலாம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இதுதான் சிக்கல். சீக்கிரமா சாகறவங்களுக்கு விடுப்பு தேவையில்ல. நாம முடிவெடுக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். மெதுவா சாகறவங்களுக்கு அவசரமில்ல. நிதானமா, நடுத்தரமா சாகறவங்களுக்குத்தான் இந்தத் திட்டமே. உங்கப்பா எந்த ரகம்னு நான் நேர்ல பார்க்கணும். சான்று இல்லாம எங்க கணக்குல ஒருத்தர் நோயாளியும் இல்ல, செத்தவரும் இல்ல. முன்னாடி ஒரு கைதி, தன் அம்மா போயிட்டாங்கன்னு சொன்னான். சான்று வரலை. இன்னிக்கு வரைக்கும் அந்தம்மா எங்க கணக்குல சௌக்கியமா இருக்காங்க."

பின்னால் நின்ற வார்டருக்கு இருமல் வந்தது.

"இவ்வளவு பார்க்கணுமாங்க? ஒரு சவரம்தானே?" என்றான் அரைமீசை.

நலன் அலுவலர் அம்மா பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி அன்பாகச் சிரித்தார். "கருணையை வாரி இறைச்சா அதுக்கு மதிப்பே இருக்காதுப்பா. நாலு தடவை அலைஞ்சு, அழுது, கால் வலிக்க நின்னு வாங்கினாத்தான், ஆகா, கருணை கிடைச்சிருச்சுன்னு ஒரு திருப்தி வரும். உங்க நல்லதுக்குத்தான் தாமதப்படுத்தறோம்."

நேரில் பார்த்து வருவதென்று குழு முடிவெடுத்தது. டாக்டர் முதலில் போனார். அடுத்த முறை வந்தபோது அக்கா அந்தக் கதையைச் சொன்னாள்.

"ஜீப் சத்தம் கேட்டுச்சு. சிறை ஜீப்புன்னு யாரோ பிள்ளைங்க கத்தினாங்க. அப்பா நீதான் வந்துட்டேன்னு நினைச்சுக்கிட்டார்டா. கண்ணை மூடிக்கிட்டு, இப்படி தாடையைத் தூக்கிக்கிட்டுப் படுத்திருந்தார். டாக்டர் வந்து நின்னு பார்த்தார். கையைக்கூடத் தொடலை. எழுதிக்கிட்டுக் கிளம்பிட்டார்."

டாக்டர் எழுதியது பிறகு குழுவில் வாசிக்கப்பட்டது: கழுத்து அசைவு சிறப்பு. முடி வளர்ச்சி செழிப்பு. நோயாளியின் ஜீவசக்தி தாடியில் தெரிகிறது.

அடுத்து நலன் அலுவலர் அம்மா போனார். பாசம் உண்மையானதா என்று பார்ப்பது அவர் வேலை. பக்கத்து வீடுகளில் விசாரித்தார். அப்பனும் மகனும் சண்டை போட்டதே இல்லை என்று தெரிந்ததும் சந்தேகப்பட்டார். பிறகு உள்ளே வந்து கட்டிலருகே உட்கார்ந்து, "உங்க பையனைப் பத்தி என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டார். பையன் என்ற சொல் காதில் விழுந்ததும் கிழவர் கண்ணை மூடித் தாடையைத் தூக்கிக்கொண்டார்.

'மகன் பேச்சை எடுத்தால் முகம் கொடுக்க மறுத்து மேலே பார்க்கிறார். உறவில் விரிசல் இருக்கக்கூடும்' என்று அந்தம்மா எழுதினார்.

மூன்றாவதாகப் பாதுகாப்பு அதிகாரி ஒரு படையோடு போனார். ஜன்னலை அளந்தார். கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தார். கடை மூடியபின் அங்கே தள்ளி வைத்திருந்த சலூன் சாமான்களைப் பறிமுதல் செய்தார். அரிவாள்மனை, கத்தரிக்கோல், அக்காவின் தையல் ஊசி எல்லாமே கூரிய ஆயுதங்கள் என்று கூடவே போயின. போகும் முன் கட்டிலருகே வந்து குனிந்தார். பூட்ஸ் சத்தம் கேட்ட கிழவர் தாடையைத் தூக்கினார்.

"கூரையை நோக்கிச் சைகை" என்று அதிகாரி குறித்துக்கொண்டார். "தப்பிக்கும் வழி அதுவாக இருக்கலாம்."

"தக்காளியைக் கையாலதான் பிச்சுப் போட்டு சமைக்கிறேன்" என்றாள் அக்கா. "அது போகட்டும். ஒவ்வொரு தடவை ஜீப் வரும்போதும் தூக்கறார்டா. அவங்க போனப்புறம் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் இறக்கறார். என்னால அதைத்தான் பார்க்க முடியல."

குழு மறுபடி கூடியபோது அரைமீசையால் வாயை அடக்க முடியவில்லை.

"ஐயா, என்னைத் தவிர எல்லாரும் எங்கப்பாவைப் பார்த்துட்டாங்க."

"பார்த்தியா, அவருக்கு ஆள் துணைக்குக் குறைவே இல்ல" என்று நலன் அலுவலர் அம்மா ஆறுதல் சொன்னார்.

பாதுகாப்பு அதிகாரி எழுந்து நின்றார். அன்று காலை அரைமீசை வழித்துவிட்ட கன்னம் அவருக்குப் பளபளத்தது. அதைப் புறங்கையால் தடவிக்கொண்டே பேசினார்.

"இவன் யாரு? கத்தி எடுத்தவன். என்ன கேக்கறான்? கையில கத்தியோட, எழுந்திரிக்க முடியாத ஒரு பெரியவர் கழுத்துக்கிட்ட உட்காரணும்னு கேக்கறான். நினைச்சுப் பாருங்க. நம்மள்ல யாராவது இப்படி ஒரு ஆளை நம்பி கழுத்தைக் குடுப்போமா?"

"நல்லா கேட்டீங்க" என்றார் டாக்டர், தன் மோவாயைச் சொறிந்தபடி. அதுவும் பளபளத்தது.

கண்காணிப்பாளர் கை உயர்த்தி அமைதிப்படுத்தினார். "அவசரப்பட்டு மறுக்க வேண்டாம். மறுக்கறது மனிதாபிமானம் ஆகாது. ஒத்திகை பார்ப்போம். இவன் அப்பாகிட்ட எப்படி நடந்துக்குவான்னு நம்ம கண்ணு முன்னாடி செஞ்சு காட்டட்டும்."

பார்வையாளர் கூடத்தில் ஒத்திகை ஏற்பாடானது. சிறை ஆஸ்பத்திரியிலிருந்து கட்டில் வந்தது. அதில் படுத்திருந்த நோயாளியை மனிதாபிமானத்தோடு தரையில் கிடத்திவிட்டு வந்தார்கள். 'கருணையே காவல்' என்று ஒரு பதாகை தொங்கியது. அப்பா வேஷத்துக்கு வயசும் உடம்பும் பொருந்திய ஒரே ஆள் வார்டர்தான். தொப்பியைக் கழற்றி, போர்வை போர்த்தி, பஞ்சைப் பசை தடவித் தாடியாக ஒட்டினார்கள்.

கத்திக்குப் பதில் அரைமீசை கையில் ஒரு ஸ்பூனைக் கொடுத்தார் பாதுகாப்பு அதிகாரி. "நிஜக் கத்தி கூடாது. வார்டர் உயிருக்கு யார் பொறுப்பு?" குழுவின் ஆண்கள் மூவரும் அன்று காலைதான் நிஜக் கத்தியில் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார்கள்.

"சீக்கிரம் முடிச்சுத் தொலைடா. பசை அரிக்குது" என்று கட்டிலில் இருந்தபடி வார்டர் முணுமுணுத்தார்.

அரைமீசை பழக்க தோஷத்தில் கையை நனைத்துப் பஞ்சைத் தடவினான். ஸ்பூனைத் துடைத்தான். அவன் குனிந்ததும், சவரத்துக்குப் படுத்த எவரும் செய்வதைப்போல, வார்டர் கண்ணை மூடித் தாடையைத் தூக்கினார்.

அரைமீசையின் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னப்பா, ஆரம்பி" என்றார் டாக்டர்.

அவன் ஆரம்பிக்கவில்லை. வெகுநேரம் அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு யாருக்கும் கேட்காத குரலில், "அப்பா, அன்னிக்கு அவன் உதைச்ச கால் இன்னும் வலிக்குதாப்பா?" என்றான்.

வார்டருக்கு எழுதிக் கொடுத்த வசனத்தில் இது இல்லை. அவர் கண்ணைத் திறக்காமலே, "இல்லடா" என்றார். பஞ்சுத் தாடிக்குள் ஒரு சொட்டு இறங்கியது.

கூடத்தில் கைதட்டல் எழுந்தது. "எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. போட்டோ எடுத்தீங்களா?" என்று நலன் அலுவலர் அம்மா திரும்பிப் பார்த்தார். எடுக்கவில்லை என்றதும் அந்தச் சொட்டை மறுபடி வரவழைக்கச் சொன்னார்கள். அது வரவில்லை. வார்டரின் கண்ணில் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொண்டார்கள்.

சில நாளில் உத்தரவு வந்தது. கண்காணிப்பாளரே, சவரம் முடிந்து முகம் துடைத்துக்கொண்டு, பெருமையோடு வாசித்துக் காட்டினார்.

"மனுதாரர் கோரியது தந்தைக்குச் சவரம். மேற்படி சவரம் குழுவின் முன்னிலையில் பாசத்துடன் நிறைவேற்றப்பட்டது. கோரிக்கை பூர்த்தியானதால் மனு இனிதே முடித்துவைக்கப்படுகிறது."

அரைமீசைக்கு விளங்கவில்லை. "அப்ப நான் எப்பங்க வீட்டுக்குப் போறது?"

"எதுக்கு? அதான் முடிஞ்சுபோச்சே."

"ஐயா, எங்கப்பா தாடி அப்படியே இருக்குதுங்களே."

"தாடியைப் பார்க்காதே. மனசைப் பாரு. அன்னிக்கு உன் மனசு நிறைஞ்சுதா இல்லையா? நாங்களே பார்த்தோமே!" கண்காணிப்பாளர் அவன் தோளைத் தட்டினார். "அலைச்சல் இல்ல, பெட்ரோல் இல்ல, தப்பிச்சு ஓடற பயம் இல்ல. சிறையை விட்டு வெளியில போகாமலே விடுப்பு! இதைத் தலைமையகத்துக்கு எழுதி அனுப்பியிருக்கேன்."

தலைமையகம் சொக்கிப்போனது. கருணைச் சிறை என்று விருது அறிவித்து, வழங்குவதற்குத் தலைமை இயக்குநரே நேரில் வருவதாகத் தகவல் அனுப்பியது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். மைதானத்தில் பந்தல் போட்டார்கள்.

விழாவுக்கு முதல் நாள் அக்கா வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"இனிமே தாங்காதுடா தம்பி. பேச்சு நின்னுபோச்சு. நான் கூப்பிட்டாக்கூடக் கண்ணைத் திறக்கறதில்ல. தெருவுல ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டா மட்டும் தாடை மேல போகுது."

விழா நாள் காலை. இஸ்திரி போட்ட சீருடைமேல் துண்டு போர்த்தி, கண்காணிப்பாளர் நாற்காலியில் சாய்ந்தார். "இன்னிக்கு ஸ்பெஷலா இருக்கணும். பத்திரிகைக்காரங்க வர்றாங்க" என்றார். அரைமீசை முகம் முழுக்க நுரை பூசினான். இடப்பக்கத்தை மெதுவாக, ஒரு முடி விடாமல் எடுத்தான். துடைத்தான். கத்தியை மடித்துக் கிண்ணத்துக்கு அருகே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்னப்பா?"

"முடிஞ்சுதுங்க ஐயா."

கண்காணிப்பாளர் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு பக்கம் பளிங்கு. இன்னொரு பக்கம் பல நாள் முள்ளுக்குமேல் நுரை. தலைமையகத்துக்கு அலைந்ததில் அவர் சவரத்துக்கு உட்கார்ந்தே வெகுநாளாகியிருந்தது.

"விளையாடறியா? மீதி?"

"மீதியும் ஆன மாதிரிதானுங்க. பாதியை நல்லா செஞ்சு காட்டிட்டேன். மனசு நிறைஞ்சா மனு முடிஞ்சுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

வாசலில் நின்ற வார்டர் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அவர் முதுகு குலுங்கியது.

"மிரட்டறியா? டேய், யார்கிட்ட? யாரங்கே, கூப்பிடு எல்லாரையும்!"

குழு ஓடிவந்தது. பாதுகாப்பு அதிகாரி, "நான் வழிச்சு விடறேன் ஐயா" என்று கத்தியை நோக்கிக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

"என்னய்யா?"

"வேற கை பட்டா விசாரணை ஐயா. நான் எழுதின விதி. நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."

"அந்த எழவு விதியை இப்பவே மாத்து!"

"குழு கூடி, தலைமையகத்துக்கு அனுப்பி, ஒப்புதல் வந்து..."

அப்போது சிறை வாசலில் தலைமை இயக்குநர் வண்டியின் சைரன் கேட்டது. கண்காணிப்பாளர் துண்டோடு துள்ளி எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். பிறகு அரைமீசையை ஒரு மனிதனாக முதல் முறை பார்த்தார்.

"என்னதான்டா வேணும் உனக்கு?"

"இன்னிக்கே விடுப்பு. ஜீப்பு. கூட வார்டர் ஐயா வரட்டும். இந்தக் கத்திப்பெட்டியும் வரணும். வீட்டுல ஊசிகூட இல்லீங்க."

உத்தரவு நின்ற நிலையில் எழுதப்பட்டது. நோயுற்ற தந்தையைக் காண மாலை வரை விடுப்பு. கண்காணிப்பாளர் போட்ட கையெழுத்தின் மேல் ஒரு துளி நுரை விழுந்தது. மற்ற மூவரும் அதைச் சுற்றிக் கையெழுத்திட்டார்கள். அந்தக் குழு அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு வேகமாகக் கூடிக் கலைந்ததில்லை.

அரைமீசை கத்தியை விரித்தான். வலப்பக்கத்தையும் இடப்பக்கம் போலவே, இம்மி பிசகாமல் முடித்துக் கொடுத்தான். தொழில் என்று வந்துவிட்டால் அவனுக்குப் பாரபட்சம் கிடையாது.

ஜீப்பில் ஏறப் போனவனை நலன் அலுவலர் அம்மா மறித்தார். "எங்க போறே? பயனாளி இல்லாம விழாவா? மேடையில உட்காரு. ஜீப்பும் இப்ப நகர முடியாது, இயக்குநர் ஐயா வண்டி குறுக்கே நிக்குது."

உத்தரவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அரைமீசை மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தான். தலைமை இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"கருணைக்கு எதிரி கொடுமை அல்ல, தாமதம்! அங்கே ஒரு தந்தை காத்திருக்கிறார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம்கூட வீணாகக் கூடாது!"

இதை அவர் பல கோணங்களில், உதாரணங்களோடு, நிதானமாக விளக்கினார். நடுவில் தண்ணீர் குடித்துவிட்டு, தாமதத்தின் தீமைகளை முதலிலிருந்து தொடங்கினார். முடிவில் கண்காணிப்பாளருக்குக் கேடயமும், பயனாளிக்கு ஒரு சுவர்க்கடிகாரமும் வழங்கினார்.

கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு அரைமீசை ஜீப்பில் போனான். பக்கத்தில் வார்டர், அவர் மடியில் கத்திப்பெட்டி. வழி முழுக்கக் கடிகாரம் மட்டும் டிக் டிக் என்று சொல்லிக்கொண்டு வந்தது.

வாசலில் அக்கா நின்றாள். அழவில்லை. ஜீப்பைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"காலையிலிருந்து எந்த வண்டி போனாலும் தூக்கிக்கிட்டே இருந்தார்டா. கொஞ்சம் முன்னாடி குப்பை வண்டி போச்சு. அப்பவும் தூக்கினார்." அவள் வழிவிட்டு ஒதுங்கினாள். "அப்புறம் இறக்கவே இல்ல."

அவன் உள்ளே போனான். கட்டிலில் அப்பா கண்மூடி, தாடையைத் தூக்கியபடி, நாற்காலியில் சாய்ந்த வாடிக்கையாளர் மாதிரி படுத்திருந்தார். அரைமீசை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

ஜீப் டிரைவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். கிளம்பும்போது தன்னிடம் கொடுத்திருந்த உத்தரவை விரித்தார். சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"வார்டர் சார், 'நோயுற்ற தந்தையைக் காண'ன்னுதான் போட்டிருக்கு. இப்ப நோயாளியே இல்லையே. உத்தரவு செல்லாது. சாவுக்குத் தனி மனு போடணும். இவனைத் திரும்பக் கூட்டிட்டுப் போயிடணும் சார்."

வார்டர் கட்டிலருகே போய் நின்றார். கிழவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிறையில் யாரும் கேட்டிராத அதிகாரக் குரலில் கேட்டார்.

"யாருய்யா செத்தது?"

"சார்... தெரியுதே சார்."

"உனக்குத் தெரிஞ்சா ஆச்சா? நீ டாக்டரா? சான்று இருக்கா? சான்று இல்லாம நம்ம கணக்குல யாரும் சாகறதில்ல. நம்ம டாக்டர் வாயால கேட்டவன் நான். அவர் வந்து பார்த்து எழுதற வரைக்கும் இவர் நோயாளி. உத்தரவு செல்லும். நீ போய் டாக்டரைக் கூட்டிட்டு வா."

டிரைவர் ஜீப்பை நோக்கித் திரும்பினார்.

"அவசரமில்ல, மெதுவாவே போ" என்றார் வார்டர். "ரோடு மோசம்."

ஜீப் கிளம்பிப் போனது. வார்டர் பெட்டியைத் திறந்து கட்டிலின் மேல் வைத்தார். "எழுந்திருடா. நோயாளி காத்துக்கிட்டிருக்கார். ஏம்மா, கொஞ்சம் வெந்நீர் கொண்டாம்மா."

அக்கா கொண்டுவந்தாள். அரைமீசை முதலில் பெட்டியிலிருந்த கத்தரியால் தாடியைக் குறைத்தான். பிறகு நனைத்தான், நுரை பூசினான், கத்தியை விரித்தான். இந்த முறை காலைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் வார்டர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று இருவருக்கும் தெரியும். கத்தி போன வழியெல்லாம் அப்பா கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தார். முதலில் ஒரு கன்னம், பிறகு மேலுதடு, கடைசியில் மோவாயின் சின்னக் குழி. ஈரத்துண்டால் துடைத்து, கண்ணாடியை எடுத்து, கடையில் செய்வதுபோல அவர் முகத்துக்கு நேரே ஒரு கணம் பிடித்தான். பிறகுதான் அந்தத் தாடையை மெதுவாகக் கீழே இறக்கினான்.

குழுப் புகைப்படம், விருந்து எல்லாம் முடித்துக்கொண்டு டாக்டர் சாயங்காலம் வந்து சேர்ந்தார். இந்த முறை தொட்டுப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சற்று முன் உயிர் பிரிந்தது என்று எழுதி, 'முகம் சுத்தமாகச் சவரம் செய்யப்பட்டு நல்ல நிலையில் உள்ளது' என்றும் சேர்த்துக் கையெழுத்திட்டார்.

ஆகவே அரசாங்கத்தின் கணக்குப்படி அந்தத் தகப்பன், மகன் வந்து சேர்ந்து, வழித்துவிட்டு, முகம் துடைத்து, கண்ணாடி காட்டிய பிறகுதான் இறந்தார். கருணைச் சிறையின் பதிவுகளில் கருணை என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். அதுவும் டாக்டர் தாமதமாக வந்ததால் நேர்ந்தது.